டெல்மரின் முகத்தில் ஒரு கோடு

"மேசை மேல வைங்க மிஸ் கார்லிஸ், அதக் கையிலயே வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்..."

"வைக்க மாட்டேன். இதே மேசைக்கு முன்னாடி நின்னுதான் உங்கப்பா எனக்குச் சொன்னாரு..."

"அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாச்சு."

"ஆளு போனா சொன்ன சொல்லும் கூடவே போயிடுமா?"

"செவுரு போகப் போகுது. அதப் பத்திப் பேசுங்க. வெளியில நின்னு அண்ணாந்து பாருங்க, புள்ளத்தாச்சி வயிறு மாதிரி முன்னால வந்து நிக்குது. நகராட்சிக்காரன் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டான்..."

"என் தம்பி மூஞ்சிக்கும் உன் செவுத்துக்கும் என்னடி சம்பந்தம்?"

குளிர்ந்த தேநீர் ஜாடியோடு நான் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது சண்டை இந்த இடத்துக்கு வந்திருந்தது. ஜெரிலின்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். யூசெல் அத்தை, கொஞ்சம் வந்துட்டுப் போங்க, நீங்க சொன்னாத்தான் அந்தம்மா கேட்கும் என்றாள். கார்லிஸ் பைனம் யார் சொல்லியும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் தெருவைத் தாண்டினால் ஜெரிலினின் மேப்ரி வீடு, என்ன சொல்லி மறுப்பது.

அச்சு எந்திரத்தின் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டை முக்காலியில் கார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். மடியில் செய்தித்தாள் சுற்றிய செப்புத் தகடு. இரவுப் பேருந்தில் கைப்பையைப் பிடித்துக்கொள்வதைப் போல இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்திருந்தாள். மேற்குக் கடற்கரையிலிருந்து முந்தின நாள்தான் பால்டிமோர் வந்து இறங்கியிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவள் எதிரில் ஜெரிலின் இடுப்பில் கை வைத்து நின்றாள். ஜன்னலோரம் அருங்காட்சியகத்து டாக்டர் கிரியர், கையில் பேனா போன்ற ஓர் எஃகு ஊசியோடு, இவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவரும் நம்மைப் போலக் கறுப்பினப் பெண்தான். வாஷிங்டனில் வேலை. காலையில் வந்ததிலிருந்து குரலை உயர்த்தவில்லை, உட்காரவும் இல்லை. பக்கத்தில் வேலை முடிந்த தகடுகள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மூலைக்கு மூலை ஒரு பளபளக்கும் கோடு.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செப்புத் தகட்டில் படம் கீறி, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுப்பவர்கள் முதலிலேயே ஒரு கணக்குச் சொல்லிவிடுவார்கள். பத்துப் படி, அதாவது பத்துப் பிரதி, என்றால் பத்துதான். ஒவ்வொரு படியிலும் எண் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கடைசிப் படி எடுத்ததும் தகட்டின் மேல் ஊசியால் ஒரு கோடு இழுத்துக் கெடுத்துவிட வேண்டும். அப்புறம் அதிலிருந்து என்ன எடுத்தாலும் கோடும் சேர்ந்தே விழும். வாங்கினவனுக்கு அது உத்தரவாதம். உலகம் முழுக்க அப்படித்தான்.

ஜெரிலினின் அப்பா லியாண்டர் மேப்ரி மட்டும் அதைச் செய்யவில்லை. நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில் வெள்ளைக்கார ஓவியர்களின் தகடுகளைப் பல வருடம் கோடு போட்டுக் கெடுத்தவர் அவர். பிறகு இந்த வீட்டை வாங்கி, நம் ஓவியர்கள் ஒரு பருவம் வந்து தங்கலாம், எந்திரம் இருக்கிறது, மை இருக்கிறது, மேல்மாடியில் படுக்கை இருக்கிறது, ஞாயிறு சாப்பாடு எதிர்வீட்டு யூசெல்லிடம் என்று ஆரம்பித்தார். முதலில் வந்தவனின் தகடு முடிந்த அன்றைக்கு ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். பிறகு ஊசியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். நம்ம மேல மத்தவன் போட்ட கோடு போதும், என் வீட்டுல நானும் போட மாட்டேன் என்றார். அன்றிலிருந்து யாருடைய தகட்டிலும் கோடு விழவில்லை. எல்லாம் நிலவறையில் மெழுகு பூசிக் காகிதத்தில் சுற்றிக் கிடந்தன.

இப்போது அருங்காட்சியகம் இந்த வீட்டையே எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. சுவரைக் கட்டும், கூரையைப் போடும், வரும் இலையுதிர் காலத்துக்கே புது ஓவியரை அழைக்கும். ஒரே நிபந்தனை, தகடுகள் எல்லாவற்றிலும் கோடு விழ வேண்டும். இங்கே தங்கிப் போனவர்களில் சிலருடைய படம் இன்றைக்குப் பெரிய பெரிய சுவர்களில் தொங்குகிறது. கோடு விழாத தகடு நிலவறையில் இருக்கிறது என்றால் அந்தச் சுவர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது.

மற்ற ஓவியர்கள் ஒப்புக்கொண்டார்கள், செத்துப்போனவர்களின் பிள்ளைகளும் ஒப்புக்கொண்டார்கள். கார்லிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. விமானம் ஏறி நேரில் வந்து, நிலவறையில் தன் தகட்டைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதில் இருப்பது அவள் தம்பி டெல்மர். துறைமுகத்துப் பக்கம் எஃகு ஆலையில் வேலை செய்தவன். ஒரு நாள் பளு தூக்கும் கம்பி வடம் அறுந்து முகத்தில் அடித்தது. காதிலிருந்து மோவாய் வரைக்கும். பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள், மூடியே புதைத்தார்கள். அவர்கள் அம்மா கடைசிவரை மகன் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் கார்லிஸ் இந்த வீட்டில் வந்து தங்கினபோது வேறெதுவும் செய்யவில்லை. நினைவிலிருந்து அந்த முகத்தை முழுசாகக் கீறினாள், அவ்வளவுதான். பத்துப் படி எடுத்தாள். ஒன்றையும் விற்கவில்லை. அம்மா வீட்டு நிலவறையில் வைத்தாள். ஒரு வசந்தத்தில் தண்ணீர் புகுந்து பத்தும் கூழாகிப் போயின.

"கடைசியா ஒரு படி எடுத்துத் தர்றேன்," என்றாள் ஜெரிலின். "இப்பவே. மை கலந்து வச்சிருக்கேன். எடுத்துட்டு அப்புறம் கோடு போடலாம். டாக்டர் கிரியரும் சரின்னுட்டாங்க."

"பத்துன்னு எழுதினேன். பதினொண்ணாவதுல என்னன்னு எழுதச் சொல்றே?"

"அந்தப் பத்தும்தான் இல்லையே. யாரு கேட்கப் போறா?"

"நான் கேட்பேன். காகிதம் எனக்கு எதுக்கு? காகிதம் என்ன ஆகும்னு பார்த்தாச்சு. செம்பு அப்படியே இருக்கு. ஒரு தடவை கிழிச்சது போதும் அவன. நீயும் கிழிக்காதே."

ஜெரிலின் என்னைப் பார்த்தாள். நான் தேநீரை ஊற்றினேன். எனக்குத் தெரிந்ததை அங்கே சொல்ல முடியாது.

ஏனென்றால் லியாண்டரின் காரியம் கோடு போடாததோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர்கள் வறுத்த கோழியும் கேக்கும் கொண்டு போவார்கள். லியாண்டர் நிலவறைக்குப் போய் ஒரு தகட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு படி எடுத்து, எண் போடாமல், சட்டம் மாட்டிக் கொண்டு வருவார். கல்யாணத்துக்கும் உண்டு, பிள்ளைப் பேற்றுக்கும் உண்டு. அதை விற்கக் கூடாது, பேசக் கூடாது. யாரும் விற்கவில்லை, பேசவும் இல்லை. பிரெண்டிஸின் முடிதிருத்தும் கடையில், மூலைத் தேவாலயத்து அடுக்களையில், கணக்கில் இல்லாத படங்கள் வருடக்கணக்காகத் தொங்கின. எந்தப் பெரிய சுவரில் எது 'பன்னிரண்டில் மூன்று' என்று தொங்குகிறதோ, அதன் பதின்மூன்றாவது எங்கள் பிரெண்டிஸ் தலைக்கு மேல் இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அந்த எண்ணத்தில் ஒரு தெருவையே திருட்டுக்குச் சாட்சியாக்கிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்ததா என்று எனக்குத் தெரியாது.

என் வீட்டில் மாடிப்படி ஏறியதும் நடையில் தொங்குவது டெல்மர். என் மகன் வெண்டெல் மோட்டார் சைக்கிளில் போய் மோதிச் செத்த வாரம் லியாண்டர் கொண்டுவந்தார். வெண்டெலின் புகைப்படத்தை நான் இழுப்பறைக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன். உன் பையனைப் பார்க்க முடியற வரைக்கும் இவனப் பாரு என்று அவரே ஆணி அடித்து மாட்டினார். அது தாற்காலிகம் என்றுதான் நானும் நினைத்தேன். புகைப்படம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. காலையில் இறங்கும்போது டெல்மருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

போன ஞாயிறு தேவாலயம் முடிந்து ஜெரிலின் வீடு வீடாக வந்தாள். அருங்காட்சியக ஆள் வந்து போகிற வரைக்கும் எல்லாரும் இறக்கி வையுங்கள் என்று கெஞ்சினாள். இது வெளியே தெரிந்தால் அவர்கள் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார்கள், வீடும் போகும், அப்பா பேரும் போகும் என்றாள். எல்லாரும் இறக்கினார்கள். நான் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். இத்தனை வருடம் இருந்தவனைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் கிரியர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மிஸ் பைனம், என் கையில ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு தகட்டை மட்டும் கோடு இல்லாம எடுத்துக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா மேல போய் நான் பதில் சொல்லணும். இந்த வீட்டுல சொன்ன கணக்குக்கு மேல ஒரு படி கூட எடுத்ததில்லன்னு நீங்க எல்லாரும் எனக்கு வாக்குக் கொடுக்கணும். வாய் வார்த்தை போதும்."

"எடுத்ததே இல்ல," என்றாள் ஜெரிலின். டாக்டர் வாயை மூடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "எங்கப்பாவா? ஒருநாளும் இல்ல."

"நல்லது. மிஸ் பைனம்?"

கார்லிஸின் கைகள் முதல் முறையாகச் செய்தித்தாளின் மேல் தளர்ந்தன. "என்னுது பத்துதான். அதுல என்ன சந்தேகம்? மத்தவங்களுக்கும் லியாண்டர்தான் பக்கத்துல நின்னு எண்ணினாரு. அந்த மனுஷன் மேல நான் பைபிள் இல்லாமயே சத்தியம் பண்ணுவேன்."

"அப்ப முடிஞ்சுது. கை கழுவிட்டு வந்து முறையா கேட்டுடறேன்," என்றார் டாக்டர். "பாத்ரூம் எங்க?"

சுவர் பிதுங்கிக் குழாய் உடைந்ததிலிருந்து மேப்ரி வீட்டில் தண்ணீர் இல்லை. ஜெரிலின் அவசரமாக, பிரெண்டிஸ் கடையில் போகலாமே என்றாள்.

"காலையிலேயே போனேன். நல்ல மனுஷர். புது ஆணி அடிச்சு ஏழு வருஷத்துக்கு முந்தின காலண்டரை மாட்டி வச்சிருக்காரு." டாக்டர் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "எதிர்வீடு உங்களுதுதானே அம்மா?"

ஜெரிலின் என் முகத்தைப் பார்த்தாள். அதிலேயே தெரிந்திருக்க வேண்டும், அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, இரண்டு நிமிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் தெருவைத் தாண்டினேன். என் வயதில் ஓட்டம் என்று எதைச் சொல்வது, அதை ஓடினேன். பளிங்குப் படியில் கால் வழுக்கியது. மாடி ஏறி டெல்மரை இறக்கினேன். கனமான சட்டம். எங்கே வைப்பது? அலமாரி நிறைய துணி. படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்து மேல்விரிப்பை இழுத்து மூடினேன். திரும்பி வந்து பார்த்தால் நடையில், பூப்போட்ட சுவர்க்காகிதம் முழுக்க மஞ்சளாகிப் போயிருக்க, படம் இருந்த இடத்தில் மட்டும் நேற்று ஒட்டினது போல ரோஜாக்கள் சிவப்பாக இருந்தன.

டாக்டர் மேலே ஏறி வந்தார், கை கழுவினார், வெளியே வந்தார், அந்த ரோஜாக்களுக்கு முன்னால் நின்றார்.

"கடிகாரம் இருந்துச்சு," என்றேன்.

"சதுரக் கடிகாரமா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கு."

"இந்தத் தெருவுல நிறைய கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருக்கு போல," என்றார். சிரிக்கவில்லை. "நான் செவுத்த ஆராய வரலை அம்மா. என் காதுல ஒரு வார்த்தை விழணும், அதுக்குத்தான் வந்தேன்."

கீழே இறங்கி வந்து அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசல் கதவு திறந்தது. கார்லிஸ். தகடு அக்குளில். இந்த வயசுல நான் மட்டும் எங்க போறது, எனக்கும் உன் பாத்ரூம்தான் என்று சொல்லிக்கொண்டே, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் கூட வருகிறேன் என்று எழுந்தேன். உட்காருடி, எனக்கு இந்த வீடு தெரியும், உன் சோத்தத் தின்னு வளர்ந்தவ நான் என்றாள்.

குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு அவள் முழங்காலைத் திட்டிக்கொள்வது கேட்டது. கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன் என்று மேலிருந்து சொன்னாள். என் கட்டிலின் கம்பிச்சுருள் கிறீச்சிட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் கிரியர் தேநீர் நன்றாக இருக்கிறது என்றார். எலுமிச்சையா, புதினாவா என்று கேட்டார். நான் ஏதோ சொன்னேன். கூரையைப் பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தெருவில் பழவண்டிக் குதிரை மணியோடு போனது. அது மூலை திரும்பும் வரைக்கும் மேலே அசைவில்லை.

"அவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார் டாக்டர்.

"யூசெல்," என்று மேலிருந்து குரல் வந்தது. மெதுவான குரல்தான். "மேல வா."

கட்டிலின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். விரிப்பு விலகியிருந்தது. மடியில் தகடு, தகட்டின் மேல் சட்டம். என்னைப் பார்க்கவில்லை. நான் கதவைச் சாத்தினேன். இருவரும் தாழ்ந்த குரலில்தான் பேசினோம், கீழே அந்த அம்மாள் இருந்தார்.

"இந்த மச்சம்," என்றாள். "வலது கன்னத்துல. தகட்டுல எல்லாம் திரும்பித்தானே இருக்கும். காலையிலேர்ந்து அதையே பார்த்துப் பார்த்து, அவனுக்கு இடது கன்னத்துல மச்சம்னே நான் நம்பிட்டேன். பாரு, மறந்தே போயிட்டேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நம்பர் இல்ல. என் கையெழுத்தும் இல்ல."

"இல்ல."

"எப்ப?"

"வெண்டெல் செத்துப்போன வாரம். லியாண்டர் கொண்டுவந்து மாட்டினாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை."

"நீ எந்த ஊருல இருந்தேன்னு அப்ப யாருக்குத் தெரியும்? ஒரு கார்டு போட்டிருக்கியா?"

"கேட்டிருந்தா மாட்டேன்னிருப்பேன்." சட்டத்தின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது, தினமும் துடைக்கிறேன். "இன்னும் எத்தனை இருக்கு?"

"டெல்மர் இவன் ஒருத்தன்தான். மத்தவங்களோடது வீட்டுக்கு வீடு இருக்கு. இந்த வாரம்தான் எல்லாரும் இறக்கி வச்சிருக்காங்க."

அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் பைபிள் இல்லாம சத்தியம் பண்றேன்னேன். அந்த மனுஷன் மேல. உன் முன்னாடி. நீ தேநீர் ஊத்திக்கிட்டு நின்னே."

"நான் என்ன சொல்லியிருக்கணும்?"

"ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது." சிரிப்பு நின்றது. "இப்ப அந்தம்மா என்னக் கேட்கும். பத்துதானான்னு."

"கேட்கும்."

"நான் ஆமான்னு சொன்னா தகட்டுல கோடு விழாது."

"விழாது. வீடும் நிக்கும்."

"இல்லன்னு சொன்னா?"

அவளுக்கே தெரிந்தது. இல்லை என்றால் தகடுகளை ஏற்றிப்போக வந்த அருங்காட்சியக வண்டி வெறுமனே திரும்பிப் போகும். லியாண்டர் மேப்ரி ஊரை ஏமாற்றினவன் என்று செய்தித்தாளில் வரும். பிரெண்டிஸ் கடையிலிருந்து தேவாலயம் வரைக்கும் யார் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள். விரிப்பை விலக்காமல் இருந்திருந்தால் மனசார நம்பிச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வார்த்தையை, இப்போது அவள் தெரிந்தே பொய்யாகச் சொல்ல வேண்டும். காலையில் ஒரு பதினோராவது படி எடுக்கக்கூட ஒப்புக்கொள்ளாதவள்.

"மிஸ் பைனம், வண்டிக்காரங்க கிளம்பணும்னு சொல்றாங்க," என்று கீழிருந்து டாக்டர் அழைத்தார்.

கார்லிஸ் டெல்மரைக் கட்டிலில் படுக்கவைத்தாள். விரிப்பைக் கழுத்துவரை இழுத்தாள், பிறகு முகத்தின் மேலும் இழுத்தாள். தகட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். படி இறங்க என் கையைப் பிடி என்று மட்டும் சொன்னாள்.

அச்சறைக்குத் திரும்பினோம். ஜெரிலின் நாங்கள் போகும்போது எப்படி நாற்காலியைப் பிடித்தாளோ அப்படியே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கார்லிஸ் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கணம் சின்னப்பெண்ணாக இருந்தபோது அவளுக்கு இருந்த முகம் வந்தது, அப்பாவின் மை டப்பாவைக் கொட்டிவிட்டு நிற்கிற முகம்.

"மிஸ் மேப்ரி சொல்லிட்டாங்க," என்றார் டாக்டர் கிரியர். "இப்ப உங்க வாயால ஒரு தடவை முறையா சொல்லிடுங்க. இந்த வீட்டுல..."

"ஊசியக் குடுங்க," என்றாள் கார்லிஸ்.

"நான் இன்னும் கேட்கவே இல்லையே."

"கேட்காதீங்க. ஊசியக் குடுங்க."

ஜெரிலின், வேண்டாம் மிஸ் கார்லிஸ், ஒரு வார்த்தைதானே, அதைச் சொல்லிட்டாப் போதுமே என்றாள். காலையிலிருந்து அந்தத் தகட்டைப் பிடுங்கப் பார்த்தவள் இப்போது அதை மூடப் போனாள். கார்லிஸ் அவள் கையை நகர்த்தி வைத்தாள். "காலையில ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுவே அதிகம். இன்னொண்ணு எங்கிட்ட வாங்காதே."

டாக்டர் ஊசியை நீட்டினார். அவர் கையிலிருந்து அது உடனே விடுபடவில்லை. "நான் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம்தானே?" என்றார்.

"வேண்டாம்."

விட்டார்.

கார்லிஸ் செய்தித்தாளைப் பிரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் செம்பு தெரிந்தது. டெல்மர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ அவனை அழைத்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலைக்கு மூலைதான் போகணுமா என்று அவள் கேட்டாள். படத்துக்குள்ள ஓடணும், எங்கன்னு விதி இல்ல என்றார் டாக்டர்.

அவள் ஊசியைக் காதருகில் வைத்தாள், எடுத்தாள். தகட்டில் எல்லாம் இடம் வலமாக இருப்பதால் எந்தக் காது என்று யோசித்திருக்க வேண்டும். உதடு அசைந்தது. மறுபக்கத்துக் காதருகில் வைத்தாள். அங்கிருந்து மோவாய் வரைக்கும் ஒரே இழுப்பு. செம்பு சுருண்டு எழும்பும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. சுருளை விரலால் ஒதுக்கினாள்.

"இந்தக் கோட்டை அப்ப வேணும்னுதான் போடாம விட்டேன்," என்றாள். "அது எங்கேர்ந்து எங்க வரைக்கும் போச்சுன்னு எனக்குத் தெரியும். பெட்டியத் திறந்து பார்த்தது நான் ஒருத்திதான். அம்மாகிட்டச் சொன்னதில்ல."

டாக்டர் கிரியர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மையை ஒரு துளி தேய்த்து, கோடு ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவினார். பிறகு இரண்டு கைகளாலும் தூக்கி அடுக்கின் மேல் வைத்தார். மற்றத் தகடுகளை ஒரு கையால்தான் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. வண்டிக்காரர்களைக் கூப்பிடச் சொன்னார். போகும்போது என்னிடம், கடிகாரம் வந்ததும் அதே இடத்துல மாட்டுங்க, ரோஜா வெளுத்துடும் என்றார்.

வண்டி போன பிறகு ஜெரிலின் எந்திரத்தின் சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கார்லிஸ் அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். செவுரு நிக்கும், போய் மூஞ்சியக் கழுவு, எங்க கழுவுவேன்னு கேட்காதே என்றாள். ஜெரிலின் அழுதுகொண்டே சிரித்தாள்.

தெரு மெல்ல மெல்லத் தன் ஆணிகளை நிரப்பிக்கொண்டிருந்தது. பிரெண்டிஸ் கடைக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. கார்லிஸும் நானும் என் வாசல் பளிங்குப் படியில் உட்கார்ந்து பொரித்த மீனும் ரொட்டியும் சாப்பிட்டோம். காகிதத்தில் எண்ணெய் ஊறியது. ஓவியப் பிள்ளைகள் யார் யார் இந்த வழியாகப் போனார்கள், யார் அதிகம் தின்றார்கள், யார் பாத்திரம் கழுவாமல் போனார்கள் என்று பேசினோம். டெல்மரைப் பற்றிப் பேசவில்லை. அவள் நிமிர்ந்து என் மாடி ஜன்னலைப் பார்ப்பதை நான் பார்த்தேன், பார்க்காதது போல முள்ளை எடுத்தேன். இரவு விமானம் அவளுக்கு. டாக்ஸி மூலை திரும்பி மெதுவாக எண்களைத் தேடிக்கொண்டு வந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஓட்டுநர் பெட்டியை எடுத்து வைத்தான். அவள் ஏறவில்லை. ஒரு கையால் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த படிக்கு நேராகத் திரும்பி நின்றாள்.

"யூசெல், இப்ப அவன் முழுசா இருக்கறது உன் வீட்டுல மட்டும்தான். நான் அவனக் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா?"